முதுமையின் தனிமையும் நாயின் துணையும்

தஞ்சை மருத்துவக் கல்லூரிச் சாலையை ஒட்டி இன்று அடுக்குமாடி வீடுகள் பல எழுந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில், இரண்டாவது மாடியில், என் அத்தையார் தனியே வாழ்ந்து வருகின்றார். வயது 83. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் வெண்ணாற்றங்கரைச் சிற்றூர்களில். மாமா மறைந்த பின்னர், சென்னையிலும் சிங்கப்பூரிலும் பணிபுரியும் பிள்ளைகள் இருவரும், ‘மருத்துவமனைக்கு அருகில் இருக்கட்டும்’ என்று கருதி இந்த வீட்டை வாங்கி அவரைக் குடிவைத்தனர். வீட்டில் ஒரு குறையும் இல்லை. சமைக்க ஓர் அம்மாள் வருகின்றார். இரவு எட்டு மணியானால் பிள்ளைகளின் முகம் கைப்பேசியில் தவறாமல் தோன்றுகின்றது. ஆயினும் ஒரு நாள் அத்தை என்னிடம் சொன்னார்: “பேச்சு வருது, முகம் வருது. ஆள் வரலியே தம்பி.”

அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதன் பயனாகவே, இன்று உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருளைப்பற்றி நான் படிக்கலானேன். நன்கு பழக்கப்பட்ட நாய்களைக் குறித்த நாளில், குறித்த நேரத்தில் முதியோரிடம் அழைத்துச் சென்று, அவர்களுடைய தனிமைத் துயரைத் தணிக்க முயலும் முறையே அது. கேட்டவுடன் மாணவ நண்பர்களுள் சிலர் நகைக்கலாம். நானும் முதலில் நகைத்தவன்தான்.

தனித்திருப்பது வேறு, தனிமையால் வருந்துவது வேறு என்பதை முதற்கண் தெளிந்துகொள்ள வேண்டும். ஆற்றங்கரையில் தனியே அமர்ந்து நூல் படிப்பவன் தனித்திருக்கின்றான். அவனுக்குத் துயரம் இல்லை. ஆள் நிறைந்த முதியோர் இல்லத்தில், பத்துக் கட்டில்களுக்கு நடுவே கிடக்கும் ஒருவர் தனிமையால் வருந்தக்கூடும். தான் விரும்பும் உறவுக்கும் தனக்குக் கிடைக்கும் உறவுக்கும் இடையே உள்ள தொலைவுதான் தனிமை என்பர் உளநூலார். இதனை அளப்பதற்கும் ஒரு கோல் உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்து அறிஞர்கள் 1978-இல் 20 கூற்றுகள் கொண்ட பட்டியல் ஒன்றை வகுத்தனர். ஒவ்வொன்றும் தமக்கு எத்துணைப் பொருந்தும் என்று கேட்டு, வரும் விடைகளைக் கூட்டி மதிப்பெண் காண்பர். ஆய்வுகளில் ‘தனிமை குறைந்தது’ என்று படித்தால் பெரும்பாலும் இத்தகைய மதிப்பெண் குறைந்தது என்றே பொருள் கொள்ளலாம்.

இது வெறும் மனக்குறை அன்று. இதய நோய், பக்கவாதம், மறதிநோய் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டென்று மருத்துவர்கள் கண்டுள்ளனர். உலகச் சுகாதார நிறுவனம் 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட அறிக்கை, உலக மக்களுள் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வருந்துவதாகவும், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 8,71,000 இறப்புகள் அதனோடு தொடர்புடையன என்றும் கணக்கிட்டுள்ளது. நம் மாநிலத்தின் நிலை என்ன? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ 10.4 பேர்.

காவிரிப் படுகையில் இதற்குத் தனியானதொரு முகமும் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன் இங்கே முதியவர் ஒருவரின் நாளை விலங்குகளே வகுத்துக் கொடுத்தன எனலாம். விடியலில் தொழுவம், பின்னர் கன்று அவிழ்த்தல், மாலையில் மேய்ச்சல் முடிந்து திரும்பும் மாடுகளை எண்ணிப் பார்த்தல். அறுவடை முடிந்ததும் இராமநாதபுரச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளோடு வந்து வயல்களில் கிடை போடுவர். அவர்களுடைய நாய்கள் இரவெல்லாம் குரைக்கும். களத்துமேட்டில் நெற்குவியலுக்குக் காவலாக ஒரு நாய் படுத்திருக்கும். அதற்குச் சோறு வைப்பது வீட்டுப் பாட்டியின் வேலை. யாரும் அதை மருத்துவம் என்று அழைக்கவில்லை. பின்னர் உழவுக்கு டிராக்டர் வந்தது. அறுக்கவும் அடிக்கவும் ஒரே இயந்திரம் வந்தது. பல வீடுகளில் தொழுவம் வண்டி நிறுத்தும் இடமாயிற்று. இவற்றை நான் பழிக்கவில்லை. குனிந்து அறுத்தவர்களின் முதுகு வலியை அறிந்தவன் இயந்திரத்தைப் பழிக்கமாட்டான். ஆனால், அந்தப் பாட்டி நகரத்து மாடிவீட்டுக்கு வந்தபோது அவரை எதிர்பார்த்திருந்த உயிர்களையெல்லாம் விட்டுவிட்டு வந்தார் என்பதை நாம் கணக்கில் எழுதவில்லை.

நாயின் அன்பைத் தமிழர் அறியாதவர் அல்லர். யானை தன்னை வளர்த்த பாகனையே கொல்லும். நாயோ தன்மேல் எய்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும் என்று சொல்லி, நட்புக்கு நாயையே உவமையாக்குகின்றது நாலடியார். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்து நின்ற ‘கோவிவன்’ என்னும் நாயின் உருவமும் பெயரும் அக்கல்லில் பொறிக்கப்பெற்றுள்ளன. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்தனர். அதே நாட்டில் ஒருவரை இழித்துப் பேசவும் ‘நாயே’ என்ற சொல்லைத்தான் எடுக்கின்றோம்.

நோயாளிக்கு விலங்கின் துணை நலம் செய்யும் என்று மேலைநாட்டில் எழுதிவைத்தவர்களுள் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். நெடுநாள் படுக்கையில் இருப்போர்க்குச் சிறு வளர்ப்புயிர் ஒன்று நல்ல துணையாகும் என்பது அவர் கண்ட அனுபவம். ஆயினும் இதனை உளமருத்துவத்தின் ஒரு வழியாக முன்வைத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த போரிஸ் லெவின்சன். யாருடனும் பேசாத சிறுவன் ஒருவன், குறித்த நேரத்துக்கு முன்னரே அவரிடம் அழைத்துவரப்பட்டான். லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் அப்போது அறையிலேயே இருந்தது. அது ஓடிச்சென்று சிறுவனை நக்க, அவனும் அதனைக் கட்டிக்கொண்டான். பேச்சும் மெல்லப் பிறந்தது. லெவின்சன் இதனை 1960-களின் தொடக்கத்தில் அறிஞர் அவையில் எடுத்துரைத்தபோது, ‘கட்டணத்தில் நாய்க்கும் பங்கு உண்டோ?’ என்று கேலி செய்தவர்களும் உண்டாம். ஆகவே, நகைத்தவர் வரிசையில் நாம் முதல்வர் அல்லர். பின்னர் எலேன் சுமித் என்னும் செவிலியர், இங்கிலாந்தில் பணிபுரிந்த காலத்தில், பாதிரியார் ஒருவரோடு மருத்துவமனைக்கு வந்துபோன நாயைக் கண்டு நோயாளிகள் முகம் மலர்ந்ததைக் கவனித்தார். தம் நாடாகிய அமெரிக்காவுக்குத் திரும்பி, 1976-இல் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

ஆசியாவில் இம்முறையை ஊன்றியவர் ஜில் ராபின்சன். இவர் 1991-இல் ஹாங்காங்கில் ‘டாக்டர் டாக்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அத்திட்டம் நம் சென்னைக்கும் வந்தது. இங்கே அதனை ஏற்று நடத்தியது இந்தியப் புளூ கிராஸ் சங்கம். அச்சங்கம் 1959-இல் கேப்டன் சுந்தரமும் அவர் துணைவியார் உஷா சுந்தரமும் தொடங்கியது. இருவரும் விமானிகள். வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைச் சுந்தரம் எடுத்துக் காத்ததே சங்கத்தின் தோற்றுவாய் என்பர். தெருவில் அடிபட்டுக் கிடக்கும் விலங்குகளை மனிதர் சென்று காப்பது அச்சங்கத்தின் அன்றாடப் பணி. ‘டாக்டர் டாக்’ திட்டத்திலோ நாய்கள் முதியோர் இல்லங்களுக்கும், சிறப்புக் குழந்தைகளின் பள்ளிகளுக்கும் சென்று மனிதரைத் தேற்றின.

இந்த நாய்களை, கண்ணிழந்தோர்க்கு வழிகாட்டும் நாய்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வழிகாட்டும் நாய் ஒருவருக்கே உரியது. நெடிய பயிற்சி பெற்றது. அவரோடு எப்போதும் இருப்பது. நான் சொல்லும் நாயோ விருந்தினர். தன் வீட்டில் தன் உரிமையாளரோடு வாழும். அரைமணி நேரம் வந்து அமர்ந்துவிட்டுத் திரும்பும்.

அந்த அரைமணி என்ன செய்துவிடும்? அமெரிக்க ஆய்வாளர்களான மரியன் பேங்க்ஸ், வில்லியம் பேங்க்ஸ் இருவரும் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூன்று முதியோர் காப்பகங்களில் நாயை விரும்பிய 45 பேரை அவர்கள் மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினரிடம் வாரம் ஒருமுறையும், மற்றொரு பிரிவினரிடம் மூன்று முறையும் நாய் சென்றது. மூன்றாம் பிரிவினரிடம் செல்லவில்லை. ஆறு வாரங்களின் முடிவில், நாய் சென்ற இரு பிரிவினரின் தனிமை மதிப்பெண்ணும் மற்றவரினும் குறைந்திருந்தது. 2005-இல் அவர்களே வேறொரு வினாவை எழுப்பினர். நலம் செய்வது நாயா, அல்லது நாயைச் சாக்கிட்டு மனிதர் தமக்குள் பேசிக்கொள்வதா? சிலரிடம் நாயைத் தனியாகவும், சிலரிடம் குழுவாகவும் விட்டுப் பார்த்தனர். தனியாக நாயோடு இருந்தவர்களுக்கே பயன் மிகுதி! நாய் வெறும் பேச்சுத்தூது அன்று என்று அவர்கள் முடிவு செய்தனர்.

அடுத்த ஆய்வு சற்றே மனத்தைக் கலக்குவது. 2008-இல் உயிருள்ள நாய் ஒன்றையும் ‘ஐபோ’ என்னும் எந்திர நாய் ஒன்றையும் முதியோரிடம் கொண்டு சென்றனர். இரண்டுமே தனிமையைக் குறைத்தன. எந்திரம் செய்வதை நாய் செய்கிறதா, நாய் செய்வதை எந்திரம் செய்கிறதா என்று நான் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். இவையெல்லாம் சிறு ஆய்வுகள் என்பதையும் மறக்கலாகாது. நாற்பது பேரிடம் கண்டது நாற்பது இலட்சம் பேருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. அதிலும், நாயை விரும்பியவர்களே இவற்றில் சேர்ந்தனர்.

உடலுக்குள் நிகழ்வது பற்றியும் சிறிது அறிந்துள்ளோம். தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்க்கும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்புநீர், நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கும்போது இருவர் உடலிலும் மிகுகின்றது என்று ஜப்பானிய அறிஞர்கள் 2015-இல் காட்டினர். மனிதரிடம் வளர்ந்த ஓநாய்களிடம் இதனைக் காண முடியவில்லையாம். ஆனால், அது வளர்த்தவருக்கும் நாய்க்கும் உள்ள உறவு. வாரம் ஒருமுறை வரும் விருந்தாளி நாயிடம் முதல் நாளே அதனை எதிர்பார்ப்பது பேராசை.

என் நண்பர் ஒருவர் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரிடம் மணி என்றொரு பெண்நாய் உண்டு. உயர்ந்த சாதி நாய் அன்று. தெருவில் எடுத்து வளர்த்த செவலை. “அத்தையிடம் அழைத்துப் போகலாமா?” என்று கேட்டேன். அவர் உடனே இசையவில்லை. ஒரு மாதம் மணியைச் சோதித்தார். அதன் அருகே கைத்தடியைத் தடாலென்று கீழே போட்டார், உரக்க இருமினார், சக்கர நாற்காலியை உருட்டினார், காதையும் வாலையும் முரட்டுத்தனமாகப் பிடித்துப் பார்த்தார், எதிரே மற்றொரு நாயை நடத்திச் சென்றார். மணி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. “வீரமான நாய் நமக்கு வேண்டாம், சோம்பேறிதான் வேண்டும்” என்றார் நண்பர். துள்ளிப் பாய்ந்து வரவேற்கும் நாய் வீட்டாருக்கு மகிழ்ச்சி தரலாம். 83 வயது எலும்புக்கு அது ஆகாது.

பிறகு தடுப்பூசிகள். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டதற்குச் சான்று இல்லாத நாய், முதியவர் இருக்கும் வாசற்படியை மிதிக்கலாகாது. நம் படுகை நீரும் சேறும் நிறைந்த நாடாதலால் எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் தேவை. குடற்புழு நீக்கம் வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். முதுமையில் தோல் மெல்லிதாகிவிடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்க்குச் சிறு கீறலும் துன்பம் தரும். முதியவர் அமர்ந்த பின்னரே நாய் பக்கவாட்டில் வரவேண்டும். நிற்கும்போது கயிறு காலில் சுற்றினால் இடுப்பெலும்பு முறிவில் முடியும். தொடுமுன்னும் தொட்ட பின்னும் சோப்பால் கை கழுவ வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆலோசனை பெற நம் மாவட்டத்தில் வசதி இல்லாமல் இல்லை. ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகின்றது. இரண்டாம் சரபோஜி மன்னர் அமைத்த தன்வந்திரி மகாலில், மனிதர்க்கும் விலங்குக்கும் சேர்த்தே மருந்துகள் ஆராயப்பட்ட ஊர் அன்றோ தஞ்சை!

நாயின் நலனையும் எண்ண வேண்டும். அதற்கு மனிதரைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாவைத் தொங்கவிட்டு இளைத்தே வெப்பத்தை வெளியேற்றும். சித்திரை வைகாசியில் தஞ்சைத் தார்ச்சாலை அதன் பாதத்தைச் சுட்டுவிடும். ஆகவே காலை எட்டு மணிக்குமுன் அல்லது வெயில் தாழ்ந்த பின்தான் புறப்பட வேண்டும். உறக்கமின்றியே கொட்டாவி விட்டாலும், மூக்கை அடிக்கடி நக்கினாலும், முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அது களைத்துவிட்டது என்று பொருள். உடனே எழுந்து விடைபெற வேண்டும்.

வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணி என்று நாள் குறித்தோம். கயிற்றைப் பிடிப்பவன் நான். முதல் வாரம் அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “நாய் நடுவீட்டுக்குள்ளே வரக்கூடாது.” யாரிடமும் நாயைத் திணிக்கக் கூடாது என்பது இம்முறையின் முதல் விதி, அதை நானும் நண்பரும் மதித்தோம். நிலைப்படிக்கு வெளியே மணி படுத்துக்கொண்டது. உள்ளே நாற்காலியில் அத்தை. அரைமணி நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். மூன்றாம் வாரம் நாற்காலி நிலைப்படிக்கு அருகே நகர்ந்திருந்தது. ஐந்தாம் வாரம் அத்தையின் கை நாயின் தலைமேல் இருந்தது. அன்றுதான் அவர் தம் ஊர்க் களத்துமேட்டில் கிடந்த கறுப்பி என்னும் நாயைப் பற்றிச் சொன்னார். அதற்குச் சோறு வைத்த கல், அது குட்டி போட்ட வைக்கோற்போர், ஒரு பெருவெள்ளத்தில் அது மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னார். ஐம்பது ஆண்டுகளாக நான் கேளாத கதைகள். அதுமுதல் மணியின் நிறம் செவலையாயினும் அத்தை அழைப்பது ‘கறுப்பி’ என்றே.

இங்கு என் பிழையையும் நான் சொல்ல வேண்டும். ஐப்பசியில் ஒரு வியாழன் கும்பகோணத்தில் ஒரு திருமணம், போகவில்லை. அடுத்த வியாழன் அடைமழை, போகவில்லை. மூன்றாம் வியாழன் மழை விட்டிருந்தது. என் சோம்பலே காரணம். தொலைபேசியில் ஒரு சொல் சொல்லவும் தோன்றவில்லை. நாய்தானே, அத்தைதானே என்ற எண்ணம் போலும்! நான்காம் வாரம் சென்றபோது பக்கத்து வீட்டு அம்மாள் படிக்கட்டிலேயே என்னை நிறுத்திச் சொன்னார். மூன்று வியாழனும் ஐந்து மணிக்கே அத்தை புடவை மாற்றிக்கொண்டு, கதவைத் திறந்துவைத்து, நாய்க்குக் கிண்ணத்தில் நீர் ஊற்றி, விளக்கு வைக்கும் நேரம் வரை நாற்காலியில் அமர்ந்திருந்தாராம். அத்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “அதுக்கு உடம்புக்கு ஏதாவதா?” என்று மட்டும் கேட்டார்.

நாய் இல்லாதிருந்த காலத்தில் வியாழக்கிழமை அவருக்கு மற்றொரு நாள், அவ்வளவே. அதனை எதிர்பார்க்கும் நாளாக ஆக்கியவன் நான். பின்னர் அதனை ஏமாற்றும் நாளாக ஆக்கியவனும் நான். வெறும் மூன்று வாரம் என்று நீங்கள் எண்ணலாம். எண்பத்து மூன்று வயதில் மூன்று வாரத்தின் அளவு வேறு. நண்பரிடம் சொன்னேன். அவர் சினந்து, “தொடங்குமுன்பே இரண்டு கைகளை ஏற்பாடு செய்திருக்க வேண்டும், ஒருவரை நம்பி இதைச் செய்யக்கூடாது” என்றார். எத்தனை வாரம் வர முடியும் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். வர இயலாதபோது முன்கூட்டி அறிவிக்க வேண்டும். நிறுத்துவதானால் விடைபெற்று நிறுத்த வேண்டும். நாயைச் சோதித்த அவர் என்னைச் சோதிக்காமல் விட்டதுதான் குறை.

இப்போது ஒருவாரம் விட்டு ஒருவாரம் மணியை அழைத்து வருபவர், அடுத்த கட்டடத்தில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர். நண்பர் அவருக்கு ஒரு மாதம் பயிற்சி அளித்தார். முதல் நாளே அத்தை அவருடைய ஊரைக் கேட்டார். அத்தை பிறந்த ஊருக்கு இரண்டு கல் தொலைவில் உள்ள ஊராம். அவருடைய தாத்தாவின் பெயரைக் கேட்டார்; அந்த வீட்டுக்கு முன்னிருந்த புளியமரம் இன்னும் நிற்கின்றதா என்று கேட்டார். தனியாக நாயோடு இருப்பதே மிகுந்த நலம் என்ற 2005-ஆம் ஆண்டு ஆய்வை நான் அவரிடம் எடுத்துரைக்கலாமா என்று எண்ணி, பிறகு விட்டுவிட்டேன். அரைமணி முடிந்ததும் மணி நிலைப்படியில் உறங்கிவிடுகின்றது. பேச்சு வெண்ணாற்றங்கரையில் எங்கேயோ போய்க்கொண்டிருக்கின்றது.